மாமனார் வாய் மூடாத முகூர்த்தம்

என் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், என் மாமனார் பன்னிரண்டு அடி உயரத்துக்கு வாயைத் திறந்தார்.

திறந்தவர் மூடவில்லை.

பொய்யில்லை, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. மணவறைக்கு வலப்பக்கம் சுவரளவுக்கு ஓர் எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். விடியுமுன் எழுந்து குளித்து, நாமம் தரித்து, பட்டு வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மனிதர் ஹோமப் புகையில் லேசாக ஒரு கொட்டாவி விட்டார். கேமரா அந்த நேரம் பார்த்து அவர் பக்கம் திரும்பியிருந்தது. திரையும் அந்த நேரம் பார்த்து அப்படியே நின்றுவிட்டது.

நிஜத்தில் அவர் வாய் உடனே மூடிவிட்டது. திரையில் மூடவில்லை. உள்நாக்கு, கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த வெள்ளி எல்லாம் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. போதாக்குறைக்கு, திரையில் மேலிருந்து ரோஜா இதழ்கள் விழுவதுபோல ஓர் அலங்காரம் செய்திருந்தார்கள். அதில் ஓர் இதழ் சரியாக அவர் வாய்க்கு நேரே அந்தரத்தில் நின்றது.

"அம்மா, அந்தத் தாத்தா பூ சாப்புடுறாரு!" என்றது முன்வரிசைக் குழந்தை ஒன்று.

அதுவரை அடக்கிவைத்திருந்த கூட்டம் வெடித்தது. மாமனார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். நிலத்தகராறில் எதிராளியைப் பார்ப்பதுபோலத் தன் உள்நாக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேமராக்காரரிடம் போகவில்லை, திரைக்காரரிடமும் போகவில்லை. மாலையும் கூறைப்புடவையுமாகக் குனிந்து உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னார்.

"ஏம்மா, அந்தப் படத்த மாத்து."

மாமனார் எனக்கு இட்ட முதல் உத்தரவு அது. அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்படி என்ன வேலை?

இந்தத் தொடரில் இதுவரை திருத்தணி லோக்கலில் நான் தூங்கிய தூக்கத்தைப் பற்றியும், அரக்கோணம் பிளாட்பாரத்தில் தொலைத்த ஒற்றைச் செருப்பைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுச் சென்னைக்குப் போய் அப்படி என்னதான் வேலை பார்த்தீர்கள் என்று படிப்பவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

செல்போனில் வீடியோ பார்க்கிறீர்கள். அது ஓடுவதுபோலத் தெரிகிறதே தவிர ஓடவில்லை. எல்லாம் அடுத்தடுத்து வருகிற அசையாத படங்கள். பிரேம் என்போம். திரை ஒரு நொடிக்கு அறுபது தடவை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும், "இப்போது எந்தப் படத்தைக் காட்டட்டும்?" என்று கேட்கும். நேரம் வந்த படத்தைக் கொடுக்க வேண்டும். நேரம் வராததை நிறுத்திவைக்க வேண்டும். தாமதமாக வந்ததை ஈவிரக்கம் பார்க்காமல் தூக்கிப் போட வேண்டும். அடுத்தது வந்தே சேரவில்லையென்றால் பழையதையே காட்டிச் சமாளிக்க வேண்டும்.

இந்த முடிவை எடுக்கிற மென்பொருளை எழுதும் குழுவில் நான் ஒருத்தி. நாங்கள் சரியாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால், கதாநாயகி வாயசைத்து முடித்துக் கண்ணையும் துடைத்துக்கொண்ட பிறகு வசனம் வரும்.

இந்த வேலைக்கும் எனக்கும் பூர்வஜென்மத் தொடர்பு உண்டு. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒரு சி.டி. பிளேயர் இருந்தது. எந்தப் படம் போட்டாலும் முக்கியமான கட்டத்தில் நிற்கும். நிற்கும்போது வில்லன் முகத்தில்தான் நிற்கும். அதுவும் கட்டம் கட்டமாக உடைந்த முகத்தில். அப்பா சி.டி.யை எடுத்து லுங்கியில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி போடுவார். படம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே படத்தின் முதல் பாதியை ஏழெட்டு தடவை பார்த்திருக்கிறேன். அந்த வில்லன் கடைசியில் செத்தானா என்பது இன்றுவரை தெரியாது.

நைனாவின் ஒலிபரப்பு

அப்பா என்று எழுதினேன். வீட்டில் கூப்பிடுவது நைனா. ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எங்கள் உறவுமுறைகளில் பாதி அங்கிருந்து பஸ் ஏறி வந்தவை. நைனா பஜாரில் சேலை, லுங்கிக் கடை வைத்திருந்தார். வேலை கிடைத்த புதிதில் ஒருநாள் கேட்டார்.

"இன்னா வேலைம்மா அது?"

"வீடியோவுல எந்த நேரத்துக்கு எந்தப் படம் காட்டணும்னு முடிவு பண்றது, நைனா."

"நீயா முடிவு பண்ற?"

"நானும் இன்னும் நாலு பேரும்."

"மத்தவங்கள வுடு" என்றார்.

மறுநாள் காலையில் டீக்கடையில் செய்தி வெளியானது. டிவியில் எந்தப் படம் போடுவது என்று என் பெண்தான் முடிவு செய்கிறாள். வீடியோ எப்படி டிவி ஆயிற்று என்று சண்டைக்குப் போனேன். "வீடியோன்னு சொன்னா கேசட்டு கடையில குந்திகினு கீறன்னு நெனப்பாங்கம்மா" என்றார் நைனா. அவர் கவலை அவருக்கு.

அதற்குப் பிறகு நான் தெருவில் நிம்மதியாக நடந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படம் சம்பந்தமாகக் கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. வங்கி வாசலில் ஒருவர், பேய்ப் படம் வேண்டாம், பேத்தி பயப்படுகிறாள் என்றார். மலையடிவாரத்தில் பூ விற்கிற சரோஜாக்கா இன்னும் நேரடியாகக் கேட்டார்.

"மூணு வாரமா அழுகைப் படமாவே போட்டுகினு கீறியே. உனுக்கு வீட்ல ஏதாவது பிரச்சினையா? ஒரு சண்டைப் படம் போடேன்."

நான் போடுவதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சரி, முடிஞ்சா பாரு" என்றார். அடுத்த ஞாயிறு, என் போதாத காலம், முதல் காட்சியிலிருந்து கடைசிவரை சண்டையே வருகிற ஒரு படத்தைப் போட்டார்கள். திங்கள்கிழமை காலையில் சரோஜாக்கா ரயிலடிக்கே வந்து என் கையில் ஒரு முழம் மல்லிகையைத் திணித்துவிட்டுப் போனார். அதோடு என் பெயர் ஊரில் நிலைத்துவிட்டது.

'ம்' என்றார்

இந்தப் பெயர் அம்மையார்குப்பம் வரைக்கும் போனது. அங்கே விசைத்தறி வைத்திருந்த வரதராஜுலு என்பவர் தன் மகன் முரளிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்.

வரதராஜுலு அதிகம் பேச மாட்டார். நாள் முழுக்கத் தறி போடுகிற சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று வாயை மூடிப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானம் தறியை நிறுத்திவிட்டு டிவியில் ஒரு படம் பார்ப்பார். அந்த நேரத்தில் வீட்டில் டம்ளர் விழுந்தால்கூட முறைப்பாராம்.

காபி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் நகை, ஜாதகம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிளைமாக்ஸ்ல அண்ணன் தம்பி ஒண்ணு சேர்ற நேரத்துல சோப்பு விளம்பரம் வருதே. அது எப்படிம்மா?"

நான் நைனாவைப் பார்த்தேன். நைனா மின்விசிறியைப் பார்த்தார். பொய் சொல்லிக் கல்யாணம் செய்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. சொல்லிவிட்டேன்.

"அது நான் போடறதில்லைங்க மாமா. நான் டிவியிலயே இல்ல. வீடியோவுல ஒவ்வொரு பிரேமா எடுத்து, அதது டைமுக்கு…"

"ஆங்!" என்று குறுக்கே பாய்ந்தார் நைனா. "ஒவ்வொரு பிரேமாப் பாத்துதான் போடும். அவ்ளோ பொறுப்பு!"

வரதராஜுலு "ம்" என்றார். அந்த "ம்"முக்கு நாங்கள் அத்தனை பேரும் ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டோம். மறுவாரம் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

முரளியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்றார்.

"எங்கப்பா தறிக்கொட்டாயில இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உன் வேலையப் பத்தியே பேசிகினு கீறாரு, புவனா. அவர் இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல. இப்பப் போய் இல்லன்னு சொன்னா மனசு வுட்டுடும்."

அம்மாவுக்கு வேறு பயம். எங்கள் சுற்றுவட்டாரத்தில் நிச்சயமான பிறகு நின்றுபோன கல்யாணங்கள் ஒன்றிரண்டு உண்டு. அதில் ஒன்று, சீர்வரிசையில் எந்தக் கம்பெனி மிக்ஸி என்பதில் நின்றது. டிவி வேலையே இல்லை என்றால் என்ன ஆகும்? தாலி ஏறும்வரை நீ வாயைத் திறக்காதே என்றாள்.

ஆக, வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குத்தான் கட்டளை. திறந்தவர் மாமனார்.

அருவியா, மொட்டையா?

முகூர்த்த நாளில் திருத்தணிக்கு வந்திருக்கிறீர்களா? மலை மேல் தாலி கட்டிக் கீழே வந்து சாப்பிடுகிறவர்கள், கீழேயே கட்டிக் கீழேயே சாப்பிடுகிறவர்கள், யார் கல்யாணம் என்றே தெரியாமல் சாப்பிடுகிறவர்கள் என்று அடிவாரம் முழுக்க ஒரே பட்டுப்புடவையாக இருக்கும். எங்கள் மண்டபம் நீளமானது. பாதி பேருக்கு மேல் மணவறை தெரியாது. அவர்களுக்காகத்தான் அந்தத் திரை. மாடியில் சாப்பாட்டுக்கூடத்திலும் ஒரு சின்னத் திரை.

திரைக்குப் பொறுப்பு அன்வர் பாய். அரக்கோணத்துக்காரர். ரேடியோ பழுது பார்க்க ஆரம்பித்து, டிவிக்கு வந்து, இப்போது எல்.இ.டி. திரை வாடகைக்கு விடுகிறார். நல்ல மனிதர்; யார் என்ன கேட்டாலும் இல்லையென்று சொல்ல மாட்டார். அன்று அதுதான் வினையாயிற்று. காலையிலேயே நைனா அவரிடம், "என் பொண்ணு இதே லைன்ல கீது. ஒரு பிரேம்கூட வுடக் கூடாது பாய்" என்று சொல்லியிருந்தார். பாய் தன் லேப்டாப்பில் அப்படியே வைத்துவிட்டார். பிறகு முரளியின் அத்தை கமலம்மா போய், திரை மேல் ரோஜா விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார். அதையும் வைத்துவிட்டார்.

"ஏம்மா, அந்தப் படத்த மாத்து" என்று மாமனார் சொன்னதும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆமா, பொண்ணுதானே படம் போடுது! அதையே கேளுங்க!"

மணவறையை விட்டு எழுந்திருக்க முடியாது. நான் கண்ணைக் காட்ட, அன்வர் பாய் மேடை ஓரமாக வந்து குந்தினார். நாதஸ்வரச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்தித்தான் பேசினோம்.

"இன்னா ஆச்சு பாய்?"

"லேப்டாப்பு திணறுதும்மா. ரெண்டு கேமரா, அது மேல ரோஜா. ஒண்ணும் வுடாதன்னு சொல்லிகிறனா, அது எல்லாத்தையும் சேத்து வெச்சிகினு முழிக்குது."

"லேட்டா வர்ற பிரேமத் தூக்கிப் போடச் சொல்லுங்க. இப்ப வர்றத மட்டும் காட்டட்டும்."

"அதுக்கு ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும். ரெண்டு நிமிஷம் திரை கறுப்பா இருக்கும்."

கறுப்பு என்ற ஒரு சொல் மட்டும் கமலம்மா காதில் விழுந்துவிட்டது.

"தாலி ஏறுற நேரத்துல கறுப்பா? இது யாரு வீட்டு வழக்கம்?"

"அப்ப அதுவரைக்கும் வேற ஏதாச்சும் படம் காட்டலாம்" என்றார் பாய். "இன்னொரு பிளேயர் பெட்டியில மூணு போட்டோ வெச்சிகீறேன்."

"இன்னா போட்டோ?" என்றார் நைனா.

"ஒண்ணு அருவி."

"தாலி கட்றப்போ தண்ணியில போறதா?" என்றார் கமலம்மா.

"ஒண்ணு மொட்டை அடிச்ச குழந்தை. போன வாரம் காது குத்துல போட்டது."

"அத்தப் போடுங்க, சீக்கிரம் நல்லது நடக்கும்" என்றார் யாரோ ஒரு பெரியப்பா. அம்மா பதறிப்போனாள். "பேரு போட்டிருக்குமே! எவங்க வீட்டுப் புள்ளையோ!"

"மூணாவது?"

அன்வர் பாய் கொஞ்சம் தயங்கினார். "அது வேணாம். அது பதினாறாம் நாள் காரியத்துக்குப் போட்டது."

கமலம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எந்தப் படத்தைக் காட்டுவது என்று அலுவலகத்தில் குளிர்சாதன அறையில் மணிக்கணக்காக விவாதித்திருக்கிறேன். ஒருமுறைகூட அருவியில் குற்றம் கண்டுபிடித்தவர்கள் இல்லை. இதற்குள் ஐயர் பொறுமையிழந்து, "முகூர்த்தம் முடியப்போறது, யாராவது ஒருத்தர் முடிவு பண்ணுங்கோ" என்றார்.

நான் பண்ணினேன். "பாய், எதையும் மாத்த வேணாம். அந்த ரோஜாவ மட்டும் நிறுத்துங்க."

கமலம்மா எதிர்க்கிற நிலையில் இல்லை. பாய் ஓடினார். ரோஜா இதழ்கள் மறைந்தன. லேப்டாப்புக்கு மூச்சு வந்தது. பன்னிரண்டு அடி வாய் மெல்ல அசைந்து, மெல்லக் குறுகி, மூடியது. மண்டபமே எழுந்து கைதட்டியது. சொந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குக் கிடைக்காத கைதட்டல்.

இது யாருக்கு?

நான் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் மூடியது நல்லதுதான். ஆனால் அது பல நிமிடங்களுக்கு முன் மூடிய வாய். லேப்டாப் ஒரு பிரேமையும் விடாமல் சேர்த்துவைத்ததை எல்லாம் வரிசையாக இனிமேல்தான் காட்டப்போகிறது. திரையில் ஓடுவது பழைய கதை.

சொல்ல நேரமில்லை. ஐயர் கையைத் தூக்கினார். கெட்டிமேளம் கொட்டியது. முரளி தாலி கட்டினார். முன்வரிசை அட்சதை போட்டது. பின்வரிசை திரையைப் பார்த்தது; அதில் ஐயர் நிதானமாக நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். மேளம் ஏன் அடிக்கிறார்கள் என்று குழம்பி, அட்சதையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் எழுந்து அக்கினியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது திரையில் முரளி தாலியைக் கையில் எடுத்தார்.

பின்வரிசை மொத்தமும் எழுந்தது. மாடியில் இலைமுன் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். தவில்காரர் உட்கார்ந்திருந்தது திரைக்கு எதிரே. கை பழக்கத்தில் தானாகவே பாய்ந்தது. மறுபடி கெட்டிமேளம். மறுபடி அட்சதை, இந்தத் தடவை எங்கள் முதுகில்.

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தார். "இது யாருக்கு?" என்றார்.

"புவனா, நான் ரெண்டு தபா கட்டிட்டனா?" என்று முரளி காதோரமாகக் கேட்டார். அக்கினி சாட்சியாக அடக்க முடியாமல் சிரித்த மணப்பெண் எங்கள் வம்சத்தில் நான்தான்.

பந்தியில்

சாப்பிட உட்கார்ந்தபோது மாமனார் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாகச் சம்பந்திகள் சேர்ந்து உட்காருவார்கள். இவர் நைனாவைத் தாண்டி வந்து உட்கார்ந்தார். சாம்பார் வந்தது. பிறகு இலையைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"பாய்கிட்ட நீ பேசினதக் கேட்டுகினுதான் இருந்தேன். லேட்டா வந்தத தூக்கிப் போடறது, வராதப்போ பழசக் காட்றது. இதுதான் உன் வேலையா?"

கையில் இருந்த வடை கையிலேயே நின்றது. எனக்கு அந்தப் பக்கம் முரளியும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"ஆங், மாமா."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான், மாமா."

"ஞாயித்துக்கிழமை படம்?"

"அது வேற யாரோ போடறாங்க."

"அந்த சோப்பு விளம்பரம்?"

"சத்தியமா நான் இல்ல மாமா. அன்னைக்கே சொன்னேன்."

மாமனார் சாம்பார்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கட்டிய தாலியை என்ன செய்ய முடியும் என்று யோசிக்கிறாரோ என்று நினைத்தேன். இரண்டு தடவை கட்டியதால் இரண்டு தடவை கழற்ற வேண்டுமோ என்றெல்லாம் புத்தி போயிற்று.

"பொண்ணு பாத்துட்டு வந்து எவ்ளோ யோசன பண்ணேன் தெரியுமா?" என்றார் மாமனார். அவர் குரல் இளகியிருந்தது. "படிச்ச பொண்ணு. நல்ல குடும்பம். பதவிசாப் பேசுது. எல்லாம் சரியா கீது, வேலை ஒண்ணுதான் சரியில்ல. அண்ணன் தம்பி ஒண்ணு சேர்றப்போ சோப்பக் காட்ற பொண்ணுக்கு மனசுல இரக்கம் இருக்குமா? தறிக்கொட்டாயில கேட்டேன், பஸ் ஸ்டாண்டுல கேட்டேன், பாக்கறவங்கள எல்லாம் கேட்டேன், இந்த ஒரு குறையப் பொறுத்துக்கலாமான்னு. போவப் போவத் திருந்திடும்னு சொன்னாங்க. அத நம்பித்தான் ஒத்துகினேன்."

முரளிக்குப் புரையேறியது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எனக்கும் வேண்டியிருந்தது.

மாமனார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வரிசையின் அந்தக் கோடியில் பாயசத்துக்குக் காத்திருந்த நைனாவைப் பார்த்து, தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"சம்பந்தி! உங்க பொண்ணு டிவியில படம் போடறதில்லையாமே!"

நைனா ஒரே ஒரு நொடிதான் திகைத்தார். பிறகு இலையை அப்படியே விட்டு எழுந்துவிட்டார்.

"யாரு சொன்னது?" என்றார். பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "பொறாமை புடிச்சவங்க பேச்ச நம்பாதீங்க சம்பந்தி! இந்தத் தமிழ்நாட்டுல எங்கே எந்தப் படம் ஓடினாலும், எந்த விளம்பரம் வந்தாலும், என் பொண்ணு கையெழுத்து இல்லாம வராது!"

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமனார் முகம் பழையபடி இறுகிவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். அந்த முகத்தை மறுபடி இளக்குவதற்கு எனக்கு ஓர் ஆடியும் ஒரு தீபாவளியும் ஆயின.